சந்தைக்குச் சந்தை ஒண்ணு

கண்ணாயிக்குக் கிழமை பெயர் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஞாயிறு, திங்கள் எல்லாம் நன்றாகவே தெரியும். அதை வைத்துக் காலத்தை எண்ணுகிற பழக்கம்தான் இல்லை. "போன சந்தையில பார்த்தேன்", "ரெண்டு சந்தை போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்", இப்படித்தான் அவள் பேச்சு. கொல்லிமலையில் அந்த அரியூர் நாட்டுப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள்.

அவள் தொழிலும் அதுதான். மலையில் விளைகிற வாழைத்தார், அன்னாசி, பலா, மிளகு எல்லாவற்றையும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பாள். கொல்லிமலை வாழைப்பழம் என்று சொல்லி எவனெவனோ எதையெதையோ விற்கிற காலத்தில் கண்ணாயி கொண்டுவந்தால் அது மலைப்பழம்தான். வாய் இருக்கிறதே வாய், அது சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். பழத்தை அமுக்கிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "ஏனுங்க, பொண்ணு பார்க்கவா வந்தீங்க? எடுக்கறதா இருந்தா எடுங்க, இல்லீன்னா கையை எடுங்க" என்பாள். திட்டு வாங்கினவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். மகளைக் கோயமுத்தூருக்குக் கட்டிக்கொடுத்த மறுநாள்கூடச் சந்தையில் இருந்தாள். "ஊட்டுல உக்காந்து அழுதா அவ திரும்பி வந்துருவாளா?" என்று கேட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கால் வீங்கியது.

சர்க்கரை ரொம்ப நாளாகவே உண்டு. மாத்திரையும் உண்டு. அது தீர்ந்தால் வாங்குவாள், ஞாபகம் இருந்தால் விழுங்குவாள். உடம்பு பூசினாற்போல் இருப்பதை எல்லாரும் ஆரோக்கியம் என்று நினைத்தார்கள், அவள் உட்பட. கால் வலிக்குச் சந்தைக் கடையில் விற்கிற வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்றாள். செருப்பு போட முடியாமல் பாதம் உப்பி, காலையில் எழுந்தால் முகமும் வீங்கி நின்றபோதுதான் அவள் புருசன் அர்த்தனாரி பிடிவாதமாகக் கீழே டவுனுக்கு அழைத்துப் போனான். அர்த்தனாரி அதிர்ந்து பேசாதவன். குச்சிக்கிழங்குக் காடும் சாமைக் கொல்லையும் உண்டு, அவன் உண்டு. அன்றைக்கு மட்டும், "நீ வரலீன்னா நான் சோறு திங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர் ஒரு பெண், பூங்குழலி என்று பெயர். சின்ன வயசு. சுற்றி வளைக்கவில்லை. "சர்க்கரையும் வலி மாத்திரையும் சேர்ந்து கிட்னியை ரொம்பத் தின்னுருச்சும்மா. கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் கொஞ்சத்தைக் காப்பாத்திக்கிட்டா மெஷின்ல போடாமலே பல வருசம் ஓட்டலாம்" என்றார்.

மெஷின் என்ற சொல் கண்ணாயிக்குப் புதிதல்ல. பக்கத்து ஊர் செல்லமுத்துவை அவள் பார்த்திருக்கிறாள். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப உடம்புக்குள் விடுகிற மெஷின் அது. வாரத்தில் பாதி நாள் அந்த மனுசன் பஸ்ஸில்தான் கிடந்தான். கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது ஒரு வாந்தி, ஏறும்போது ஒரு வாந்தி. வீட்டுக்கு வந்தால் பேச்சு மூச்சில்லாமல் படுத்துக்கொள்வான். மிளகுக் கொடியைப் பார்க்க ஆளில்லாமல் காய்ந்தது. ஒரு மழைக்காலத்தில் பஸ் போகவில்லை, இரண்டு தடவை மெஷினைத் தவறவிட்டான், மூன்றாவது தடவைக்கு அவன் இல்லை.

"மெஷின் மட்டும் வேண்டாம் சாமி" என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள் கண்ணாயி. "நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன். மண்ணைத் திங்கச் சொன்னாலும் திங்கறேன். என்னைச் சந்தைக்குப் போக விட்டுருங்க, அது போதும்."

"மண்ணெல்லாம் வேண்டாம். உப்பைக் குறைங்க, கருவாடு கூடாது, வலி மாத்திரை கூடவே கூடாது. அப்புறம் வாழைப்பழம், பலாப்பழம் தொடாதீங்க."

"தொடாம எப்படி விக்கறது?"

பூங்குழலி சிரித்துவிட்டார். "தொடுங்க, திங்காதீங்க" என்றார். பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, "வைட்டமின் டி ரொம்பக் குறைவா இருக்குதும்மா. வெயில் பட்டா உடம்புல ஊறுற சத்து" என்றார்.

கண்ணாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏனுங்க டாக்டரம்மா, வெயில் குறைச்சலுங்களா? எனக்குங்களா? என்ற மண்டையைத் தொட்டுப் பாருங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வெயில்லயே வெந்துக்கிட்டிருக்கறவ நானு. ஏசி ரூம்புல உக்காந்திருக்கறவங்களுக்குக் குறையலாம், எனக்குக் குறைஞ்சுதுன்னா ரத்தம் பார்க்கற உங்க மெஷினைத்தான் ரிப்பேருக்கு விடோணும்."

"வெயில் குடுக்கறது நெல்லு மாதிரிம்மா. அதைக் குத்தி அரிசியாக்கறது கிட்னியோட வேலை. உங்க கிட்னிக்கு இப்ப குத்தறதுக்குத் தெம்பில்ல. சர்க்கரை இருந்து, உடம்பும் பெருத்து, கிட்னியும் கெட்டவங்களுக்கு அந்த நெல்லே சரியாச் சேர்றதில்ல. விட்டா எலும்பு கரையும். அதுக்குத்தான் ஒரு பொடி தர்றேன். இதுல சர்க்கரையும் கொஞ்சம் அடங்கலாம்னு சில பேர் சொல்றாங்க, அதை உறுதியாச் சொல்ல முடியாது. வாரம் ஒரு பாக்கெட், ரெண்டு மாசம். கூடவே சாப்பாட்டோட சுண்ணாம்புச் சத்து மாத்திரை. ரெண்டு மாசம் கழிச்சு வந்து ரத்தம் குடுங்க, பார்த்துட்டு நிறுத்திக்கலாம்."

இத்தனையும் சொன்னார் டாக்டர். ஒன்றையும் விடவில்லை. ஆனால் கருவாட்டில் ஆரம்பித்து எலும்பு வரைக்கும் ஒரே மூச்சில் வந்ததை எந்த மனுசி பிடித்து வைத்துக்கொள்வாள்? கண்ணாயி காதில் தங்கியது இரண்டுதான். மெஷின் வேண்டியதில்லை, சர்க்கரை அடங்கும்.

மருந்தை மலையேறுகிற வழியில் பேளுக்குறிச்சியில் வாங்கினார்கள். சந்தை மேட்டுக்கு எதிரே அப்பாஸ் அலி மெடிக்கல் வைத்திருந்தார். தங்கமான மனுசன். மலையிலிருந்து வருகிறவர்களைக் காக்க வைக்க மாட்டார், கத்த மாட்டார். எந்த மாத்திரை எப்போது என்பதை அவரவர் பாசையிலேயே சொல்லுவார். 'வாரம் ஒருதடவை' என்று சொன்னால் மலைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சந்தைக்கு யாரும் மறக்க மாட்டார்கள் அல்லவா?

"இந்தப் பொடியைப் பாலில கலக்கிக் குடிங்க அக்கா. சந்தைக்குச் சந்தை ஒண்ணு. மறந்துறாதீங்க" என்றார்.

"சந்தையை நான் மறக்கறதா? நல்லாக் கேட்டீங்க போங்க பாய்" என்றாள் கண்ணாயி.

டாக்டர் சொன்னது காதோடு நின்றது. பாய் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அது அவளுடைய சொல்.

பேளுக்குறிச்சியில் கடை போடுகிறவள் என்றுதான் அப்பாஸ் அலிக்கு அவளைத் தெரியும். அவளுக்கு அது ஒன்றுதான் சந்தையா? மலைமேல் சோளக்காட்டுச் சந்தை இருந்தது. ராசிபுரத்துச் சந்தை இருந்தது. பழம் மிஞ்சினால் அதற்கப்புறமும் ஒன்று இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் போனாள். எல்லாவற்றிலும் குடித்தாள். கையில் இருந்தது தீர்ந்ததும் அந்தந்த ஊர் மெடிக்கலில் காலிக் கவரைக் காட்டி ஒன்றே ஒன்று வாங்குவாள். "எப்பக் குடிக்கோணும்னு தெரியுமா?" என்று அவர்கள் கேட்டால், "சந்தைக்குச் சந்தை ஒண்ணு, தெரியும் தெரியும்" என்பாள். அவர்களும் தலையாட்டுவார்கள். ஒவ்வொரு கடைக்காரனும் வாரத்துக்கு ஒரு பாக்கெட்தானே விற்றான்! யாரைக் குற்றம் சொல்வது?

முதல் சில மாசம் கண்ணாயி ஆளே மாறிப்போனாள். உப்பில்லாத சாறு, கருவாடு இல்லாத களி. கண் முன்னால் பழுத்துக் கிடக்கிற பழத்தில் ஒரு சுளை, ஒரு துண்டு வாயில் வைக்க மாட்டாள். பக்கத்துக் கடைக்காரி சென்னம்மாள் வேண்டுமென்றே பலாச்சுளையை மூக்குக்கு நேரே நீட்டிக் கேலி பண்ணுவாள். "அட தூரப் போடி, என்னை மெஷின்ல படுக்க வெச்சுட்டு நீ வந்து விசிறி வீசுவியா?" என்பாள் கண்ணாயி. டீக்கடையில் அவள் தலையைப் பார்த்ததுமே அரை டம்ளர் பால் சீனி இல்லாமல் வந்துவிடும். பொடியைக் கொட்டி, ஆற்றி, கண்ணை மூடிக் குடிப்பாள். டம்ளரில் ஒட்டியிருப்பதையும் தண்ணீர் விட்டு அலசிக் குடிப்பாள். சந்தையில் அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமை வேறு.

கால் வலி குறைந்தது. வீக்கம் வடிந்தது. உப்பை விட்டதில் வடிந்ததா, வலி மாத்திரையை விட்டதில் வடிந்ததா என்று யார் கண்டது? அவள் பொடிக்குத்தான் அத்தனை புண்ணியத்தையும் எழுதிவைத்தாள்.

இரண்டு மாசம் கழித்து வரச் சொன்ன நாள் மிளகு சீசனில் வந்து விழுந்தது. "நல்லாத்தானே இருக்கறேன், நாலு சந்தை போகட்டும்" என்றாள். நாலு சந்தை போயிற்று. அவள் கணக்கில் நாலு சந்தை என்பது எத்தனை நாள் என்று அர்த்தனாரிக்குக்கூட யோசிக்கத் தோன்றவில்லை. அப்புறம் பலா வந்தது, அதற்குப் பின்னால் அன்னாசி வந்தது.

பிறகு தாகம் வந்தது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு மரக்கட்டையாக இருந்தது. அடிக்கடி மறைவுக்குப் போக வேண்டியிருந்தது. வயிறு கல் மாதிரி இறுகி நாள்கணக்கில் வெளிக்குப் போகவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. "சக்கரை ஏறிப்போச்சாட்டம் இருக்குது" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்றான் அர்த்தனாரி.

"போனா மெஷின்னு சொல்லிருவாங்க. நான் ஒண்ணும் தப்புப் பண்ணலியே, ஒரு பொடி விடலியே. அதுவே சரி பண்ணும் இரு."

பயம்தான், வேறென்ன. பயந்தவள் அந்தப் பொடியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போக முடியவில்லை. பழம் பழுத்து அழுகப் போகிறதே என்று அவள் கவலைப்படவில்லை. இன்றைய பொடி போயிற்றே என்று கண் கலங்கினாள். அர்த்தனாரி மழையில் நனைந்துகொண்டே நடந்து மலைமேலேயே இருக்கிற செம்மேட்டுக்குப் போய் அந்த ஒரு பாக்கெட்டை வாங்கிவந்தான். அடுப்பில் பாலைச் சுட வைத்து, தன் கையாலேயே கலக்கிக் கொடுத்தான். அவள் குமட்டிக் குமட்டிக் குடித்து முடிக்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். பின்னால் அந்த மனுசன் இதை நினைத்து நினைத்து அழுததுபோல் வேறு எதற்கும் அழவில்லை.

அதற்கப்புறம் பேச்சு தடுமாறியது. சந்தை முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் சென்னம்மாளைப் பார்த்து, "நீ எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டாள். சென்னம்மாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாயி வாழைத்தார்மேல் சாய்ந்தாள். யாரோ சத்தம் போட, எதிர்க்கடையிலிருந்து அப்பாஸ் அலிதான் முதலில் ஓடிவந்தார். தன் காரிலேயே ஏற்றி, சென்னம்மாளைத் துணைக்கு உட்காரவைத்து, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

இரண்டு நாள் சலைன் ஏற்றிய பிறகு கண்ணாயிக்குத் தெளிந்தது. கட்டிலைச் சுற்றி அர்த்தனாரி இருந்தான், டாக்டர் பூங்குழலி இருந்தார். விசாரிக்க வந்த அப்பாஸ் அலி கதவோரம் நின்றார்.

"ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து தாறுமாறா ஏறியிருக்குதும்மா. வைட்டமின் டி அளக்கற அளவைத் தாண்டிப் போயிருச்சு. அந்தப் பொடியை நிறுத்தவே இல்லீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணுகூட விடலீங்க" என்றாள் கண்ணாயி. குரல் மெலிந்திருந்தது, ஆனாலும் அதில் அந்தப் பெருமை இருந்தது.

"சரி, நிறுத்தாம இருந்தாலும் வாரம் ஒண்ணுல இவ்வளவு ஏறாதே. வாரத்துக்கு எத்தனை குடிச்சீங்க?"

"வாரக் கணக்கெல்லாம் எனக்கெதுக்குங்க? சந்தைக்குச் சந்தை ஒண்ணு."

"அது வாரம் ஒண்ணுதானே?" என்று டாக்டர் குழம்பிப்போய் அப்பாஸ் அலியைப் பார்த்தார். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"சோளக்காட்டுச் சந்தையில ஒண்ணுங்க" என்று கண்ணாயி தானாகவே ஆரம்பித்தாள். நல்ல பிள்ளை பாடம் ஒப்பிக்கிறாற்போல் விரலை மடக்கினாள். "பாய் ஊருச் சந்தையில ஒண்ணு. ராசிபுரத்துச் சந்தையில ஒண்ணு. பழம் மிஞ்சி நாலாவதுக்குப் போனா அங்க ஒண்ணு. மழை வந்து சந்தை நின்னாலும் நான் நிறுத்தலீங்க. அவரைக் கேளுங்க."

அப்பாஸ் அலி அவள் மடக்கிய விரல்களை எண்ணினார். "யா அல்லாஹ்" என்றார்.

கண்ணாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்த பிறகும் முதலில் கேட்டது அதைத்தான். "மெஷினுங்களா?"

பூங்குழலி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சுண்ணாம்பு ஏறிக் கிட்னியில் மிச்சமிருந்த கொஞ்சமும் போய்விட்டது, திரும்புமா என்று சில வாரம் பார்க்கலாம், நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அப்போது வந்ததே ஆத்திரம்! படுத்துக்கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "தின்னக் கூடாதுன்னீங்க, தின்னல. உப்பை விடச் சொன்னீங்க, விட்டேன். வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கிடந்தேனே! அந்தச் செல்லமுத்து ஒரு மாத்திரை ஒழுங்கா முழுங்கல, அவனுக்கும் மெஷினு. நான் ஒண்ணு விடாம முழுங்கினேன், எனக்கும் மெஷினா? சோம்பேறியா இருந்து பாதியை மறந்திருந்தா நல்லா இருந்திருப்பேனே! இது எந்த ஊரு நியாயம்?"

அப்பாஸ் அலி கிட்டே வந்து அவள் காலைத் தொடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை சந்தைக்குப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டனே அக்கா."

"கேக்கலியே பாய். நானும் சொல்லலியே." அதற்குமேல் திட்ட அவளுக்குத் தெம்பில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சில வாரம் பார்த்தார்கள். திரும்பவில்லை. கையில் மெஷின் ஊசி குத்துவதற்கு ரத்தக்குழாயை இணைத்துத் தைத்தார்கள். அர்த்தனாரி கிழங்குக் காட்டைத் தம்பிக்குக் குத்தகைக்கு விட்டான். சந்தையில் அவள் உட்காருகிற இடத்தில் சென்னம்மாள் கொஞ்ச நாள் சாக்கை விரித்துக் காலியாக வைத்திருந்தாள். பிறகு அங்கே தேங்காய்க்காரன் வந்தான். அப்பாஸ் அலி யாருக்கும் சந்தைக் கணக்கில் மருந்து சொல்வதை விட்டுவிட்டார். ஒவ்வொருவரிடமும் கிழமையைச் சொல்லச் சொல்லித் திருப்பிக் கேட்கிறார். மருந்து வாங்க வருகிறவர்கள், பாய்க்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

முதல் தடவை மெஷினிலிருந்து எடுத்துவிட்டதும், அங்கே நர்ஸாக இருந்த கவிதா கையில் கட்டைச் சுற்றிக்கொண்டே எப்போதெல்லாம் வர வேண்டும் என்று சொல்ல வந்தாள். நல்ல பெண், முள்ளுக்குறிச்சிக்காரி. மலைக்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

"ஒண்ணும் கஷ்டமில்லீங்க அம்மா. வாரத்துக்கு மூணு வாட்டி. சந்தைக்குப் போற மாதிரி நெனச்சுக்கங்க..."

கண்ணாயி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தப் பேரைச் சொல்லாத கண்ணு. கிழமையைச் சொல்லு."

கவிதா சொன்னாள். செவ்வாய், வியாழன், சனி. கண்ணாயி விரலை மடக்கித் திருப்பிச் சொன்னாள். தப்பாகிவிடக் கூடாதே என்று அர்த்தனாரியையும் சொல்லச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை அவளே சொன்னாள். அன்றைக்குப் பேளுக்குறிச்சியில் சந்தை.